கம்பி சுற்றிய விரிசல்

பஸ் குலுங்கும்போதெல்லாம் சாக்குக்குள் இருந்த இரண்டு இரும்புத் துண்டுகளும் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டன. கண்ணுச்சாமி சாக்கை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இறுக்கிக்கொண்டான். பேரையூரில் ஏறியதிலிருந்து அப்படியேதான் உட்கார்ந்திருந்தான்.

"உள்ள என்னப்பா, வெங்கலப் பானையா? இந்தச் சத்தம் போடுது" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"பழைய இரும்புண்ணே. மதுரையில எடைக்குப் போட்டுட்டு, ஒரு லிவர் கம்பி வாங்கணும்."

சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அந்த இரும்பு எது, அதை ஏன் பேரையூரிலேயே போடாமல் முப்பது மைல் சுமந்து போகிறான் என்பதைத்தான் அவன் சொல்லவில்லை.

எண்பத்து மூன்றாம் வருஷத்துக் கோடை அது. முந்தின ஐப்பசியும் கார்த்திகையும் மழை இல்லாமல் போயின. பங்குனி பிறந்தபோது கிணற்றில் தண்ணீர் அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டது. கிணற்றின் பாதி ஆழத்தில், பாறையை வெட்டிய ஒரு திட்டில் மோட்டார் இருந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன் உட்கார வைத்தது. அது இப்போது தண்ணீரை எட்டாமல் காற்றை இழுத்துக்கொண்டு உறுமியது. மோட்டாரைக் கழற்றி இன்னும் பன்னிரண்டு அடி கீழே இறக்கினால் போதும், ஒன்றரை ஏக்கர் மிளகாயும் பிழைத்துக்கொள்ளும். கழற்ற வேண்டியது நாலே நாலு போல்ட். ஒன்பது வருஷத்து ஈரத்தில் நாலும் துருப்பிடித்து, பாறையோடு பாறையாகக் கிடந்தன.

அண்ணன் நல்லகாமன் ஸ்பேனரைப் போட்டுத் திருகிப் பார்த்தான். அசையவில்லை. எல்லாரும் செய்வதைத்தான் அவனும் செய்தான். ஸ்பேனரின் கைப்பிடியில் நீளமாக ஒரு இரும்புப் பைப்பைச் செருகி, அதைப் பிடித்து இழுப்பது. "டேய், ஒரு பைப்பு எடுத்துட்டு வா" என்றான். கண்ணுச்சாமி தொழுவத்துக்கு ஓடினான். நல்ல பைப்புகள் எல்லாம் கூரையைத் தாங்கி நின்றன. மூலையில் ஒன்று கிடந்தது. அதன் நடுவில், பைப்பை ஒட்டவைத்த தையல் ஒரு சாண் நீளத்துக்கு விட்டிருந்தது. அவன் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு, கட்டுக்கம்பி எடுத்து ஏழெட்டுச் சுற்றுச் சுற்றி முறுக்கினான். தாங்கும் என்று நினைத்தான். பைப்பைத் தானே பிடித்து இழுத்துக்கொள்ளலாம் என்றும் நினைத்தான்.

"நீ தள்ளு, நான் புடிக்கிறேன்" என்று அண்ணன் அவனை விலக்கிவிட்டுப் பைப்பைப் பிடித்தபோது, கண்ணுச்சாமி வாயைத் திறந்தது உண்மை. அதற்குள் அண்ணன் மொத்தப் பலத்தையும் கொடுத்து இழுத்துவிட்டான். பைப் அந்த இடத்தில் வெடித்தது. அண்ணன் மல்லாக்கப் போய்ப் பாறையில் விழுந்தான். இடுப்பெலும்பு முறிந்தது.

இதோடு போயிருந்தால் அது ஒரு விபத்து. ஆனால் அன்றைக்கு வெள்ளிக்கிழமை. கிணற்று மேட்டில் கன்னிமாருக்கு ஏழு கல் நட்டிருக்கிறது. கிணற்றுக்குள் வேலை என்று இறங்குவதற்கு முன்பு, வீட்டுப் பெண் அங்கே விளக்குப் போட்டுச் சூடம் காட்ட வேண்டும். அண்ணன் மனைவி சீனியம்மாள் அன்றைக்குப் பிள்ளையின் காய்ச்சலுக்குக் கசாயம் போட்டுக்கொண்டிருந்ததில் வரத் தாமதமாகிவிட்டது. விளக்கு ஏற்றுவதற்குள் அண்ணன் விழுந்துவிட்டான்.

"விளக்குப் போடாம கெணத்துல எறங்கவிட்டாளே! ஏம் மகனக் கன்னிமார் அடிச்சுட்டாகளே!" என்று தாய் இருளாயி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். கோடாங்கி வந்து உடுக்கையை அடித்து, "பொம்பளை கையால வந்த குறை" என்றான். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், சீனியம்மாள் ஒருவேளை மட்டும் உப்பில்லாத சோறு சாப்பிட வேண்டும். கிணற்றுப் பக்கம் கால் வைக்கக் கூடாது. அது முடிகிற வரைக்கும் வேறு யாரும் கிணற்றில் இறங்குவதும் ஆகாது.

சீனியம்மாள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அவளும் அதை நம்பிவிட்டாள். அதுதான் கண்ணுச்சாமியால் தாங்க முடியாமல் இருந்தது. முதல் நாளே சொல்லிவிட நினைத்தான். அண்ணன் ஆஸ்பத்திரியில் இருக்கிறானே, வரட்டும் என்று தள்ளிப்போட்டான். அண்ணன் வந்தான், இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று தள்ளிப்போட்டான். தள்ளிப்போடத் தள்ளிப்போடச் சொல்வது இன்னும் கடினமாகியது. உடைந்த பைப்பை வைக்கோல் படப்புக்கு அடியில் மறைத்து வைத்தான்.

இன்றைக்கு நாற்பதாவது நாள். பக்கத்துத் தோட்டத்துத் தண்ணீரில் உயிரைப் பிடித்திருந்த மிளகாய்ச் செடி இன்னும் எட்டு நாள் தாங்காது. அண்ணி எலும்பும் தோலுமாகிவிட்டாள். நேற்று தண்ணீர்க் குடத்தோடு வாசற்படியில் தடுமாறி உட்கார்ந்ததை அவன் பார்த்தான். ஒடியாத கம்பி ஒன்றை வாங்கி வந்து, தனியாக இறங்கி, தனக்கு ஒன்றும் ஆகாமல் அந்த நாலு போல்ட்டையும் கழற்றிவிட்டால், சாமி குற்றம் இல்லை என்று ஊரே தானாக ஒப்புக்கொண்டுவிடும் என்று கணக்குப் போட்டான். தான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. பைப்பும் மதுரையில் எடையோடு எடையாகப் போய்விடும்.

காளவாசலில் இறங்கி விசாரித்தான். யூனுஸ் கடையைக் காட்டினார்கள். லாரி சாமான், பழைய ஸ்பேனர், ஜாக்கி என்று வாசல் வரைக்கும் இரும்பு கிடந்தது. யூனுஸுக்கு முப்பது வயதுதான் இருக்கும், கண்ணுச்சாமியைவிட எட்டு வயது இளையவன். தலையில் வலைத்தொப்பி, கையெல்லாம் கிரீஸ். உள்ளே ஒரு லாரி மெக்கானிக் கவிழ்த்துப் போட்ட டிரம்மில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். விருமாண்டி என்று பெயர்.

"வாங்கண்ணே, என்ன வேணும்?"

"லிவர் கம்பி, பாய். சாக்கெட்ட மாட்டித் திருகுற கம்பி. என்ன செஞ்சாலும் ஒடியக் கூடாது."

"என்ன செஞ்சாலும் ஒடியாத கம்பிய அல்லா இன்னும் படைக்கலண்ணே" என்று சிரித்தான் யூனுஸ். "எதைக் கழட்டப் போறீங்க, எங்க நின்னு கழட்டப் போறீங்க, அதைச் சொல்லுங்க. அதுக்குத் தக்கன பாப்போம்."

"பாய் அப்படித்தான் கேப்பாரு மாப்ள" என்றான் விருமாண்டி. "ஒரு கம்பி விக்கிறதுக்குப் பொண்ணு பாக்குற மாதிரி ஊரு, பேரு, குலம், கோத்திரம் எல்லாம் விசாரிப்பாரு. ஜாதகம் கொண்டு வந்திருக்கீரா?"

கண்ணுச்சாமிக்குச் சிரிப்பு வரவில்லை. கிணறு, திட்டு, போல்ட் என்று சொன்னான். யூனுஸ் மூன்று கம்பிகளை எடுத்துப் பலகையில் வைத்தான். ஒன்று புதிது, வெள்ளிப் பாத்திரம்போல் பளபளத்தது. ஒன்று ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவு, தடிமன். மூன்றாவது கறுத்துப் போன கட்டைக் கம்பி. இரண்டரை அடிதான் இருக்கும். பார்க்கவே லட்சணம் இல்லை.

கண்ணுச்சாமியின் கை நேராக நீளக் கம்பிக்குப் போயிற்று. "இது போதும். நீளமா இருந்தா பலம் கம்மியாப் போட்டாப் போதும்ல."

"சரிதான். உங்க திட்டுல நட்டுக்கும் கெணத்துச் சுவருக்கும் நடுவுல எம்புட்டு இடம் இருக்கு?"

கண்ணுச்சாமி கண்ணை மூடி யோசித்தான். கைகளை விரித்துக் காட்டினான். "ரெண்டு முழம்."

"இந்தக் கம்பி மூணு முழத்துக்கு மேல. எப்படிச் சுத்துவீங்க? சுவத்துல இடிக்கும். இடிக்குதேன்னு ஏறி நின்னு மிதிப்பீங்க. அங்கதான் கால் வழுக்கும்."

பளபளப்பான கம்பியை எடுத்தான் கண்ணுச்சாமி. யூனுஸ் ஒரு அரத்தை எடுத்து அதன் மேல் இழுத்தான். அரம் கண்ணாடியில் வழுக்குவதுபோல் வழுக்கிக்கொண்டு போயிற்று.

"பாத்தீங்களா, அரம் புடிக்கல. இம்புட்டுக் கடினம் ஆகாது. கொஞ்சம்கூட வளையாம நிக்கும். திடீர்னு ரெண்டாப் போகும். நல்ல கம்பின்னா முதல்ல லேசா வளையணும். அப்ப நம்ம கைக்குத் தெரியும். கைய எடுக்க நேரம் கெடைக்கும்."

கறுப்புக் கம்பியைக் கயிற்றில் தொங்கவிட்டுச் சுத்தியால் தட்டினான். மணிபோல் ஒலி நீண்டு நின்றது. "லாரி ஆக்சிலக் காய்ச்சி அடிச்சது. தலையும் உடம்பும் ஒரே இரும்பு, ஒட்டுப் போடாதது. இது உங்களுக்குச் சரியா இருக்கும்."

நீளக் கம்பியையும் தட்டினான். ஒலி எழும்பி உடனே அமுங்கிவிட்டது. யூனுஸின் முகம் மாறியது. இன்னொரு தரம் தட்டினான். பிறகு கம்பியின் தலையும் உடம்பும் சேருகிற கழுத்துப் பகுதியை மண்ணெண்ணெயில் நனைத்துச் சற்று நேரம் விட்டு, துணியால் நன்றாகத் துடைத்தான். சுண்ணாம்புக் கட்டியைப் பொடித்து அந்த இடத்தில் தடவினான்.

"என்ன பாய், கம்பிக்குப் பவுடர் போடுறீரு?" என்றான் விருமாண்டி.

யூனுஸ் கம்பியை வெளிச்சத்தில் பிடித்தான். மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளைப் பொடியின் மேல், முதலில் ஒரு புள்ளி ஈரமாயிற்று. அது மெதுவாக நீண்டு தலைமுடிபோல் ஒரு கோடாகக் கம்பியின் பாதிச் சுற்றுக்கு ஓடியது. விரிசலுக்குள் ஒளிந்திருந்த மண்ணெண்ணெய் வெளியே கசிந்து, விரிசலைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

"அடப்பாவி" என்றான் விருமாண்டி. "நாளைக்கு நான்ல இதைத் தூக்கிட்டுப் போறதா இருந்தேன்."

யூனுஸ் கம்பியைத் தரையில் வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்தான். "இதோட சோடி ஒண்ணு இருந்துச்சு. போன மாசம் வித்தேன். ரெண்டும் ஒரே இடத்துல வாங்குனது. அதை நான் தட்டிக்கூடப் பாக்கல."

"யாருக்கு?"

"விளாங்குடியில லாரி வச்சிருக்காருல்ல, முகம்மது கனி. அவருக்கு."

 பிறகு யூனுஸ் கண்ணுச்சாமியிடம் திரும்பினான். "உங்க சாமான முடிச்சுத் தாரேன். அந்தச் சாக்குல என்னண்ணே? எடைக்கா?"

கண்ணுச்சாமி சாக்கைக் கொடுத்தான். யூனுஸ் பைப்பின் இரண்டு துண்டுகளையும் வெளியே எடுத்தான். எடைக்கு எடுக்கிறவன்போல் அல்லாமல், பழக்கதோஷத்தால் உடைந்த வாயைத் திருப்பிப் பார்த்தான்.

"இதை வச்சா முன்ன திருகுனீங்க?"

"ஆமா."

"யாருக்கும் அடி படலையே?"

"அண்ணனுக்கு இடுப்பு ஒடஞ்சு போச்சு."

யூனுஸ் துண்டை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனான். "பாருங்கண்ணே. இந்தப் பக்கம் துரு கறுத்துக் கெடக்கு. இது பழைய வாய், ரொம்ப நாளா விட்டுக் கெடந்தது. இந்தப் பக்கம் செம்மண் கணக்கா இருக்கு பாருங்க, இதுதான் அன்னைக்கு ஒடஞ்சது. பாதி முன்னாலயே போயிருச்சு. அது தெரிஞ்சுதான் யாரோ கட்டுக்கம்பி சுத்தியிருக்கான். எவன் இந்த வேலையப் பாத்தான்? தெரிஞ்சே ஒரு மனுசன் கையில இதைக் குடுக்கலாமா?"

அவன் யாரையும் குற்றம் சொல்ல நினைத்துப் பேசவில்லை. இரும்பைப் படித்துச் சொன்னான், அவ்வளவுதான். ஆனால் நாற்பது நாளாக யாருமே கேட்காத கேள்வி அது. 

"நான்தான் பாய் சுத்துனேன்."

விருமாண்டி டீ கிளாசைக் கீழே வைத்தான்.

கண்ணுச்சாமி எல்லாவற்றையும் சொன்னான். விளக்கு, கோடாங்கி, உப்பில்லாச் சோறு, படப்புக்கு அடியில் வைத்த பைப் எல்லாம். சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசாகும் என்று நினைத்தான். ஆகவில்லை. யூனுஸ் பானையிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தான்.

"குடிங்கண்ணே. எங்கிட்டச் சொல்லிட்டீங்க. நான் யாரு? வழியில பாத்த ஆளு. கேக்க வேண்டியவங்க உங்க வீட்டுல இருக்காங்க."

பிறகு அவன் வேலைக்குத் திரும்பினான். கறுப்புக் கம்பியைப் பட்டறை வைஸில் இறுக்கினான். "பிஸ்மில்லா" என்று முணுமுணுத்து மறுமுனையில் தொங்கினான். போதாது என்று விருமாண்டியையும் தொங்கச் சொன்னான். கம்பி லேசாகத் தாழ்ந்தது, விட்டதும் நேராகிவிட்டது. கைப்பிடியில் சணல் கயிற்றை நெருக்கமாகச் சுற்றிக் கட்டினான். "ராத்திரியே போல்ட்டுல மண்ணெண்ணெய் ஊத்தி ஊற விடுங்க. இடுப்புல கயிறு கட்டிக்கிட்டு எறங்குங்க. கயித்த மேல ரெண்டு பேர் புடிக்கணும். தனியா எறங்காதீங்க."

கண்ணுச்சாமி பணத்தைக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தபோது, யூனுஸ் கடையின் பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்து மாட்டிக்கொண்டிருந்தான். பகல் பதினொரு மணி. வியாபாரம் நடக்கிற நேரம்.

"எங்க பாய்?" என்றான் விருமாண்டி.

"விளாங்குடிக்கு. கனி வண்டி எடுக்குறதுக்கு முன்னாடி அந்தக் கம்பியத் திருப்பி வாங்கிட்டு வந்துர்றேன்."

"இந்த வெயில்லயா? சாயங்காலம் போறது. ஒரு மாசமா ஒடியாதது இன்னைக்கா ஒடியப் போகுது?"

"நேத்து வரைக்கும் எனக்குத் தெரியாது. இப்பத் தெரியுமே, மாப்ள" என்று சொல்லிவிட்டு யூனுஸ் சைக்கிளில் ஏறினான்.

தார் உருகுகிற ரோட்டில் அந்தச் சைக்கிள் போவதைக் கண்ணுச்சாமி பார்த்துக்கொண்டே நின்றான். தெரிந்த பிறகு அந்த மனிதன் ஒரு மத்தியானம்கூடக் காத்திருக்கவில்லை. கண்ணுச்சாமி கீழே கிடந்த பைப் துண்டுகளை எடுத்தான். மறுபடியும் சாக்கில் போட்டுக்கொண்டான். எடைக்குப் போடவில்லை.

வீடு வந்து சேரும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அண்ணன் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தான். ஆத்தா இருளாயி முறத்தில் கேப்பை புடைத்துக்கொண்டிருந்தாள். சீனியம்மாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து, முந்தானையில் கையைத் துடைத்தாள். மூன்று பேரும் இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும் என்று கண்ணுச்சாமி வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தான். ஒருவர் இல்லாமல் போனாலும் மறுபடி தள்ளிப்போட்டுவிடுவான் என்று அவனுக்குத் தெரியும்.

"மதினி, செத்த நேரம் இங்க வாங்க" என்றான். சாக்கை அவிழ்த்துப் பைப்பை அண்ணனின் கட்டில் ஓரத்தில் வைத்தான். "அண்ணே, அன்னைக்கு ஒடஞ்சது இதுதான். முன்னாலயே தையல் விட்டிருந்துச்சு. நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் கம்பி சுத்திக் கொண்டாந்தேன். விளக்குப் போடாததுனால இல்லண்ணே. கன்னிமார் ஒண்ணும் பண்ணல. நான் பண்ணுனது."

ஆத்தா முறத்தைக் கீழே வைத்தாள். "என்னடா உளர்ற? கோடாங்கி சொன்னது அப்பப் பொய்யா?"

"அவனுக்கு இந்தப் பைப்பு தெரியாது ஆத்தா. எனக்குத் தெரியும்."

"வெயில்ல மதுரைக்குப் போயிட்டு வந்து மண்டை காஞ்சு போச்சு இவனுக்கு. மதினிமேல பாவப்பட்டுப் பழியத் தான் தலையில போட்டுக்கிறான்."

நல்லகாமன் படுத்தபடியே பைப்பை எடுத்து உடைந்த வாயைத் தடவினான். கறுத்த பக்கத்தையும் சிவந்த பக்கத்தையும் பார்த்தான். முறுக்கியிருந்த கட்டுக்கம்பியின் முனை அவன் விரலில் குத்தியது. தம்பி கம்பி முறுக்குகிற விதம் அண்ணனுக்குத் தெரியும். எப்போதும் இடப்பக்கமாகத்தான் முறுக்குவான்.

"ஆத்தா, நீ சும்மா இரு" என்றான். பிறகு தம்பியைப் பார்த்தான். "அன்னைக்கே சொல்லியிருந்தாலும் என் இடுப்பு பழையபடி ஆயிறாது. அதை நான் கேக்கல. ஆனா அவ நாப்பது நாளு உப்புப் போட்டுத் தின்னுருப்பாளேடா."

கண்ணுச்சாமி தலையைக் குனிந்துகொண்டு நின்றான். கண்ணீர் வாசல் மண்ணில் சொட்டியது. திட்டினால், அடித்தால் பட்டுக்கொள்ளலாம் என்று வந்தவன் அவன். இந்த ஒரு வார்த்தையை அவன் எதிர்பார்க்கவில்லை.

சீனியம்மாள் அசையாமல் நின்றாள். "நாப்பது நாளாவா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஆமா மதினி."

"நெதமும் எனக்கு எதுத்தாப்புலதான உக்காந்து சாப்புட்டீங்க."

அவள் கொல்லைப்பக்கம் போய்விட்டாள். வெகுநேரம் வரவில்லை. இருளாயி முறத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து அடுப்பை மூட்டினாள். சோறு வடித்து, கத்தரிக்காயும் கருவாடும் போட்டுக் குழம்பு வைத்தாள். மருமகளுக்கு மாமியார் அந்த வீட்டில் சமைத்துப் போட்டது அதுதான் முதல் தடவை. தட்டில் போட்டு எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். "தின்னு தாயி. நாந்தான் மொதல்ல வாயத் தொறந்தவ" என்று அவள் சொன்னது உள்ளே வரைக்கும் கேட்டது.

கண்ணுச்சாமி கிணற்றுக்குப் போய், இறங்காமல் மேலிருந்தே கயிற்றில் ஒரு டின்னை விட்டுச் சாய்த்து நாலு போல்ட்டிலும் மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டு வந்தான். மேட்டில் ஏழு கல்லுக்கு முன்னால் நின்று கும்பிட்டான். இத்தனை நாளும் பழி சுமந்தது மதினி மட்டும் இல்லை, இந்தத் தெய்வங்களும்தான் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. பிள்ளைக்கு மருந்து கொடுத்ததற்காக ஒரு தாயை அடிக்கிற தெய்வம் என்று ஊரெல்லாம் நம்பிக்கொண்டிருக்க, அவன் சும்மா இருந்தான். "தாயே, மன்னிச்சுக்க" என்றான்.

விடிந்ததும் டீக்கடைக்குப் போனான். பக்கத்துத் தோட்டத்துப் பேயாண்டியும் சோணையும் இன்னும் நாலைந்து பேரும் இருந்தார்கள். வீட்டில் சொன்னதை அங்கேயும் சொன்னான். வீட்டுக்குள் சொன்னது வீட்டோடு நின்றுவிட்டால் சீனியம்மாளின் பெயர் ஊரில் அப்படியேதான் இருக்கும்.

"ஏண்டா, நாப்பது நாளா வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?" என்றான் பேயாண்டி. "ஏம் பொண்டாட்டிகூட அந்தப் பிள்ளையக் கண்டா ஒதுங்கிப் போனாடா. நான்தான் போகச் சொன்னேன். இப்ப நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உங்க வீட்டுக்கு வர்றது?"

"வீட்டுக்கு வர வேணாம். கெணத்துக்கு வா. கயிறு புடிக்க ஆளு வேணும்."

பேயாண்டி சோணையைப் பார்த்தான். சோணை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தான். "வாரேன், நட. திட்டுறத அப்பறம் நின்னு திட்டிக்குவோம்."

இடுப்பில் வடக்கயிறு கட்டிக்கொண்டு கண்ணுச்சாமி படிப்படியாகத் திட்டுக்கு இறங்கினான். மேலே பேயாண்டியும் சோணையும் கயிற்றைப் பிடித்தார்கள். கறுப்புக் கம்பியின் தலையில் சாக்கெட்டை மாட்டி முதல் நட்டில் வைத்தான். காலை அகட்டி நின்று இழுத்தான். கம்பி லேசாக வளைந்து நின்றது. மெதுவாக, எலும்பு சொடுக்குவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. நட்டு அரைச் சுற்றுத் திரும்பியது. இரண்டாவதும் மூன்றாவதும் அதே மாதிரி கழன்றன.

நாலாவதுதான் அன்றைக்கு அண்ணன் இழுத்து விழுந்த நட்டு. அது அசையவில்லை. இழுத்தான், விட்டான், மறுபடி இழுத்தான். சணல் சுற்றிய கைப்பிடி உள்ளங்கையில் பதிந்தது. வியர்வை கண்ணில் இறங்கியது. வளைந்த கம்பியின் நடுக்கம் தோள்வரைக்கும் ஏறியது. பயம் வந்தது. நிறுத்திவிட்டு மூச்சு வாங்கினான்.

மேலே பேச்சுக்குரல் கேட்டது. "விடுங்க, நானும் ஒரு பிடி புடிக்கிறேன்." சீனியம்மாளின் குரல். "வேணாம்த்தா, நாங்க இருக்கோம்ல" என்றான் சோணை. "வீட்டு ஆளு ஒண்ணு புடிக்கட்டும்" என்றாள் அவள். நாற்பது நாளில் அவள் கிணற்று மேட்டுக்கு வந்தது அன்றைக்குத்தான். கண்ணுச்சாமி நிமிர்ந்து பார்க்கவில்லை. இடுப்பைச் சுற்றியிருந்த கயிறு இன்னும் கொஞ்சம் இறுகியது.

அவன் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தான். வேகமாக வெட்டி இழுக்காமல், உடம்பின் பாரத்தை முழுவதும் மெல்ல மெல்லக் கொடுத்தான். கம்பி வளைந்தது. இன்னும் வளைந்தது. அப்புறம் துருவெல்லாம் பொடியாக உதிர, நட்டு முனகிக்கொண்டே திரும்பியது.

அவன் அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டான். 

"கழண்டுச்சா?" என்று மேலிருந்து கேட்டாள் சீனியம்மாள்.

"கழண்டுருச்சு மதினி."

 பிறகு அவள் குரல் வந்தது. முந்தின நாள் மாலையில் இருந்த வருத்தம் அதில் இன்னும் இருந்தது. ஆறுவதற்கு அதற்கு நாள் பிடிக்கும்.

"சரி. பதறாம, பாத்து ஏறி வாங்க. கயித்த விட மாட்டோம்."